பில் சோதனைக்கு ஹாஸ்கெல் வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாயான் லெப்பாஸில் உணவகங்களுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் டெஸ்டராக இருக்கிறேன். எல்லாம் ஜாவா. பகலில் பாஸாகும் டெஸ்டுகளில் சில, நள்ளிரவு தாண்டி ஓடினால் ஃபெயிலாகின்றன. தனியாக ஓட்டினால் சரி, மொத்தமாக ஓட்டினால் தப்பு என்பவையும் உண்டு. போலி டேட்டாபேஸ், போலி பிரிண்டர் என்று மாக் எழுதியே பாதி நாள் போய்விடுகிறது. ஃபங்ஷனல் புரோகிராமிங்தான் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் ஃபங்ஷன்களைக் கொண்டு நிரல் எழுதும் முறை) இதற்கு வழி, அதற்கான ஹாஸ்கெல் மொழியைப் படி என்கிறார் கூட வேலை செய்பவர். எங்களுக்கு அது சரிவருமா?

க., பினாங்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஹாஸ்கெல் படியுங்கள், நல்லதுதான். ஆனால் இந்த பில்லுக்காகப் படிக்க வேண்டாம். அங்கிருந்து இரண்டு பழக்கங்களை ஜாவாவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஒன்று, கணக்கை வெளியுலகத்திலிருந்து பிரிப்பது. வரி போடும் ஃபங்ஷன் தானே கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது; தேதியை நீங்கள் கொடுக்க வேண்டும். நம் மலேசிய வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி, 2018 ஜூன் 1 முதல் அதுவே பூஜ்யம், செப்டம்பர் 1 முதல் சேவை வரி. 2024 மார்ச்சில் சேவை வரி 8 ஆனது; உணவு, பானம் போன்ற சிலவற்றுக்கு 6-லேயே நின்றது. தேதி வெளியிலிருந்து வந்தால் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டையும் டெஸ்டில் அடுத்தடுத்துச் சோதித்துவிடலாம். நள்ளிரவுத் தொல்லை போகும், மாக்கும் பெருமளவு போகும். பிரிண்டரையும் டேட்டாபேஸையும் தொடும் மெல்லிய ஓரத்துக்கு நாலைந்து டெஸ்ட் போதும்.

மொத்தமாக ஓட்டினால் தப்பு என்றால், பல டெஸ்டுகள் ஒரே பில்லைப் பகிர்ந்துகொண்டு, அதில் ஒன்று சத்தமில்லாமல் ஒரு தே தாரிக் டீயைச் சேர்த்துவிட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். பில்லை, ஒருமுறை உருவாக்கினால் மாற்ற முடியாத ஜாவா ரெக்கார்டாக வையுங்கள். உள்ளிருக்கும் பட்டியலையும் மாற்ற முடியாததாக ஆக்க மறக்காதீர்கள்.

இரண்டாவது பழக்கம்தான் எனக்குப் பிடித்தது. 2000-இல் கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் ஹாஸ்கெலுக்காக குவிக்செக் என்ற கருவியை வெளியிட்டார்கள். "இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை" என்று எழுதாமல், எந்த உள்ளீட்டுக்கும் உண்மையாக இருக்க வேண்டியதை நாம் எழுதுகிறோம். உள்ளீடுகளைக் கருவியே உருவாக்கித் தாக்குகிறது. ஜாவாவுக்கு ஜேக்விக் இருக்கிறது.

உங்கள் பில்லிலேயே பாருங்கள். 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்கு (100 சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்) சரிசெய்கிறோம். அந்த ஃபங்ஷனுக்கு விதிகள்: விடை எப்போதும் ஐந்தால் வகுபடும், அசல் தொகையிலிருந்து 2 சென்னுக்கு மேல் விலகாது, விடையை மறுபடி சரிசெய்தாலும் மாறாது, பெரிய தொகைக்குச் சிறிய விடை வராது. தொகையைப் புள்ளி வைத்த எண்ணாக, டபுள் வகையில் வைக்காமல் சென்னில், முழு எண்ணாக வையுங்கள்.

இந்த நான்கும் பாஸானாலும் பில் தப்பாக இருக்கலாம். யாராவது மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியாகச் சரிசெய்திருந்தால்? 1.02 வெள்ளிக்கு மூன்று பொருள் என்றால் 3.05 வர வேண்டும், 3.00 வரும். அதனால் 2 சென் விதியை முழு பில்லுக்கும் எழுதுங்கள்: எத்தனை பொருள் இருந்தாலும் ரொக்கத் தொகை உண்மைக் கூட்டலிலிருந்து 2 சென்னுக்குள். கருவி முதலில் நாற்பது பொருள் கொண்ட பில்லில் தப்பைப் பிடித்தாலும் அப்படியே நீட்டாது. சுருக்கிச் சுருக்கி, 1 சென்னும் 2 சென்னும் உள்ள இரண்டு பொருள் போன்ற ஒன்றில் கொண்டுவந்து நிறுத்தும். டெவலப்பர் வாதாட முடியாது. அட்டையில் கட்டினால் சென் மாறாமல் வாங்கலாம், ஆகவே கட்டணமுறையும் உள்ளீடாக வரட்டும்.

ஒரு பொறி உண்டு. விதி எழுதுகிறேன் என்று அதே கணக்கை டெஸ்டில் இன்னொரு முறை எழுதிவிடுவார்கள். அங்கே தப்பு இருந்தால் இங்கேயும் அதே தப்பு, டெஸ்ட் பச்சையாகச் சிரிக்கும். அப்புறம், ரசீதில் கடை முகவரி சரியாக வருகிறதா என்பதற்கெல்லாம் விதி தேட வேண்டாம். பழைய மாதிரி டெஸ்டே போதும்.

கருவி தப்பைப் பிடிக்கும்போது, அந்தச் சுருக்கிய உள்ளீட்டை எடுத்து ஒரு சாதாரண டெஸ்டாகவும் எழுதி வையுங்கள். அடுத்த ஓட்டத்தில் எண்கள் வேறாகலாம், அந்த ஜோடி மறுபடி வரும் என்று சொல்ல முடியாது.

அன்புடன்,
அண்ணன்