பறித்து வந்த கீரையை வளர்ப்பு எலிக்குக் கொடுக்கலாமா?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு எலிகள் வளர்க்கிறேன். நடக்கப் போகும்போது கண்ணில் படும் இலை, பெர்ரி, கொட்டையெல்லாம் பறித்து வந்து கொடுக்கலாமா? வெளியில் திரியும் எலி கண்டதையும் தின்றுவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது, எது ஆகும், எது ஆகாது என்று அதற்கே தெரியாதா?"

கொடுக்கலாம். ஆனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கையில்தான் தவறு நடக்கிறது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. நாயோ பூனையோ ஆகாததைத் தின்றால் கக்கிவிடும், எலிக்கு உள்ளே போனது போனதுதான். அதனால்தான் வெளி எலி புதிதாக எதைப் பார்த்தாலும் தயங்கும், துளி கொறித்துவிட்டுக் காத்திருக்கும், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுபடி அதன் பக்கமே திரும்பாது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்த எலிக்கு அந்தப் பயம் மழுங்கிவிட்டது, நீங்கள் நீட்டினால் நம்பி வாங்கிக்கொள்ளும். அது படவேண்டிய பயத்தையும் சேர்த்து நீங்கள்தான் படவேண்டும்.

ஒரு பெர்ரியைப் பறவை கொத்துகிறது என்பதும் அது எலிக்கு ஆகும் என்பதற்குச் சாட்சி ஆகாது. மிளகாயின் காரமே பறவைக்கு உறைப்பதில்லை, அதன் உடம்பு வேறு.

ஆகவே இலை, தண்டு, பூ என எல்லாம் பார்த்து உறுதியாக அடையாளம் சொல்லத் தெரிந்த ஒரே ஒரு செடியோடு ஆரம்பியுங்கள். நான் டேன்டிலியனைச் சொல்வேன். இலையெல்லாம் தரையோடு ஒரே வட்டமாக, ஓரம் பல் பல்லாக வெட்டுப்பட்டு இருக்கும்; ஒரு தண்டுக்கு ஒரு மஞ்சள் பூ, தண்டில் கிளை கிடையாது, கிள்ளினால் உள்ளே குழல், வெள்ளையாகப் பால் வரும். இத்தனையும் பொருந்தினால் பறியுங்கள். அந்தப் பூவை எலி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இதழ் இதழாக உருவித் தின்பதைப் பார்க்கவே அத்தனை ஆசையாக இருக்கும். பிளாக்பெர்ரியும் நல்லதுதான். காளான் வேண்டவே வேண்டாம். குடை விரித்தாற்போல வெள்ளைப் பூக்கும் செடிகளும் வேண்டாம், அந்தக் குடும்பத்தில்தான் கேரட்டும் இருக்கிறது, ஆளைக் கொல்லும் ஹெம்லாக்கும் இருக்கிறது.

செடி சரி, இடம்? சாலையோரம், மருந்து தெளித்த இடம், நாய்கள் காலைத் தூக்கும் இடம் மூன்றையும் விடுங்கள். வெளி எலிகள் நடமாடும் இடத்தையும்தான், அவற்றின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உங்கள் எலிக்கு வரலாம், அது நோய் காட்டாமலேயே உங்களுக்கும் தரலாம். நத்தை ஊர்ந்த இலையில் இன்னும் கவனம் வேண்டும். 1935-இல் சீனாவின் காண்டனில் எலிகளிடம் கண்டறியப்பட்ட நுரையீரல் புழு ஒன்று நத்தை வழியாகத்தான் எலிக்குள் போகிறது. நத்தையின் பிசுபிசுப்புத் தடம் தெரிந்தால் அந்த இலையைக் கழுவிப் பார்க்கவும் வேண்டாம், தூக்கி எறிந்துவிடுங்கள். மற்றதை ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையாகத் திருப்பிக் கழுவுங்கள்.

அப்புறம் பூஞ்சை. எலிகள் பதுக்கும் பழக்கம் உள்ளவை, ராத்திரி கொடுத்த இலை ரெண்டு நாள் கழித்துக் கூண்டுக்குள் இருக்கும் தொங்குபடுக்கைக்கு அடியில் கறுத்துக் கிடக்கும். வட அமெரிக்காவில் 1920-களில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அதற்குக் காரணமான பொருளை ஆராயப் போய்த்தான் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் கிடைத்தது, 1948-இல் அது எலியைக் கொல்லும் மருந்தாக விற்பனைக்கு வந்தது. கொட்டையில் பிடிக்கும் பூஞ்சையும் ஈரலைக் கெடுக்கும். தினமும் மூலை முடுக்கைத் துழாவி மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

அளவு கொஞ்சம்தான். எலி ஒரு நாளைக்குத் தின்பதே மொத்தம் 15-20 கிராம், அதில் பறித்தது ஒன்றிரண்டு இலை போதும். புதுச் செடி என்றால் விரல் நகமளவு கொடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். சுருண்டு உட்கார்ந்திருந்தாலோ, தீனியைத் தொடாமல் இருந்தாலோ, கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், பறித்த செடியில் ஒரு கிளையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.