வாசகர் கேள்வி: எடை ஏறாத மாதங்கள்

கேள்வி: ஜிம்மில் முதல் மூன்று மாதம் தூக்கும் எடை வாராவாரம் கூடியது. இப்போது பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து, பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) 50 கிலோ, 5 ரெப்ஸோடு (5 முறை தூக்குவதோடு) இரண்டு மாதமாக நிற்கிறது. மனம் விட்டுப்போகிறது. என்ன செய்ய?

தொடக்கத்தில் ஏறிய பலத்தில் பெரும்பங்கு தசையால் வந்ததல்ல. இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க நரம்புகள் பழகின, அவ்வளவுதான். அந்தப் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். இனி தசையே வளர வேண்டும், அதற்கு நாளாகும். ஆகவே, குறை உங்களிடம் இல்லை.

42.5 கிலோவுக்கு இறங்குங்கள். 3 செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்), ஒவ்வொன்றிலும் 8 ரெப்ஸ், நடுவே 2 முதல் 3 நிமிடம் ஓய்வு. அடுத்தடுத்த முறை ஏதாவது ஒரு செட்டில் ஒரு ரெப் கூட்டப் பாருங்கள். மூன்று செட்டிலும் 12 வந்த பிறகே பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் ஏற்றி, மறுபடி 8-லிருந்து தொடங்குங்கள். எடையைக் குறைப்பது தோல்வி என்று நினைப்பவர்கள்தான் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள், உள்ளதை உள்ளபடி. பார் நெஞ்சைத் தொடாமல் பாதியில் திரும்பியதும், இடுப்பைத் தூக்கி எக்கியதும் கணக்கில் சேராது. அவற்றையும் சேர்த்து 12 என்று எழுதினால் அடுத்த வாரம் தாங்காத எடையை ஏற்றுவீர்கள். தோள்பட்டை வலி அப்படியும் வந்து சேரும்.

கேள்வி: ஒரு வாரம் விட்டால் பிறகு மாதக்கணக்கில் போவதில்லை. எனக்கு மன உறுதி இல்லையோ?

திரும்பும் நாளில் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகச் செய்திருப்பீர்கள். அதனால் வரும் தசை வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். படி இறங்கவே முடியாதபோது ஜிம்முக்கு எப்படிப் போவது? ஓரிரு வாரத்தில் பலம் அதிகம் குறைந்துவிடாது. முதல் நாள் எடையில் 10 முதல் 20 சதவீதம் குறையுங்கள், ஒரு செட்டையும் விடுங்கள். நேரமில்லாத நாளுக்கு ஸ்குவாட், புஷ்-அப், டம்பெல் ரோ (குனிந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது), தலா 2 செட் போதும். 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: ஸ்பாட்டராக (எடை தூக்கும்போது பக்கத்தில் நின்று, தேவைப்பட்டால் பாரைப் பிடிப்பவராக) நிற்கும்படி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பாரைத் தூக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "எட்டு ரெப்ஸ் செய்யப் பார்க்கிறேன், நின்றுபோனால் மட்டும் பிடியுங்கள்." இப்படித் தெளிவாகக் கேட்டால் மறுப்பவர் அபூர்வம். யாரும் இல்லையென்றால், பாதுகாப்புக் கம்பி உள்ள ரேக்கில் (பாரைத் தாங்கும் சட்டத்தில்), கம்பியை நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்துச் செய்யுங்கள்.