கனமாக இருந்தால் அசல் ஆகிவிடுமா?

கேள்வி: பிளாஸ்டிக் ஸ்பிரிங் பிஸ்டல் ஒன்றை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன் ஐயா. கையில் எடுத்ததுமே பொம்மை என்று தெரிந்துவிடுகிறது. கனம், தொட்டால் சில்லிடும் குளிர்ச்சி, ஸ்லைடின் உதைப்பு எல்லாம் அசல் போலவே உள்ள முழு உலோக ஏர்சாஃப்ட் பிஸ்டல், அதாவது பிளாஸ்டிக் குண்டு சுடும் நகல் துப்பாக்கி, வாங்க ஆசை. கிளாக் 17 என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முழு உலோகம் வேண்டும், அசல் போல இருக்க வேண்டும், அது கிளாக் 17 ஆகவும் இருக்க வேண்டும் என்கிறீர்கள். மூன்றும் சேராது. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் உருவான அந்தத் துப்பாக்கி பேர் வாங்கியதே அதன் சட்டமும் (ஸ்லைடைத் தாங்கும் உடற்பகுதி) கைப்பிடியும் பாலிமரில் வார்க்கப்பட்டதால்தான். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு எஃகு. அசலே பாதி பிளாஸ்டிக்காக இருக்க, நகலை முழுக்க உலோகத்தில் வார்த்தால் அசலிலிருந்து விலகித்தான் போவீர்கள். கிளாக்தான் வேண்டுமென்றால் உலோக ஸ்லைடும் பாலிமர்ச் சட்டமும் உள்ளதை எடுங்கள். அதுதான் சரியான நகல்.

உலோகம்தான் முக்கியம் என்றால் துப்பாக்கியை மாற்றுங்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த எம்1911, 1911 முதல் 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்தது. முழுக்க எஃகு, தோட்டா இல்லாமலே ஏறக்குறைய 1.1 கிலோ. அதன் இடத்துக்கு வந்த பெரெட்டா 92 வகையில் ஸ்லைடு எஃகு, சட்டம் அலுமினியக் கலவை. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நகலில் உலோகம் பொருந்தி உட்காருவது இவை போன்றவற்றில்தான். நான் 1911 கட்சி. பெரெட்டாவின் கைப்பிடி தடிமனானது, என் விரல்கள் குட்டையானவை. உங்கள் கை எப்படி என்பதைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது, எந்த உலோகம்? பெட்டிமேல் 'முழு உலோகம்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், இன்னது என்று போட மாட்டார்கள். கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது அதுதான். பெரும்பாலும் அது துத்தநாகக் கலவையில் வார்த்தது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம் இருக்கும். துத்தநாகக் கலவை 6.6 கிராம் அளவுக்கு வரும். அலுமினியம் 2.7 கிராம்தான். எஃகின் கனத்தைக் குறைந்த செலவில் காட்டத் துத்தநாகம் ஏன் கை கொடுக்கிறது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும். ஆனால் உறுதி அப்படிக் குறைந்த செலவில் வராது. எஃகு வளைந்து கொடுக்கும். துத்தநாக வார்ப்பு விண்டுபோகும்.

என் முதல் 1911 அப்படித்தான் போனது. தோட்டா உறை வெளியேறுவதற்கென்று ஸ்லைடின் பக்கவாட்டில் ஒரு சாளரம் இருக்கும் இல்லையா, அதன் மூலை கத்தி போலக் கூராக இருந்தது. எந்த மூலை கூராக இருக்கிறதோ அங்கிருந்துதான் விரிசல் ஓடும் என்று பட்டறைக்கு வரும் சிறுவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஏழாவது மாதம் மயிரிழைபோல ஒரு கோடு, எட்டாவது மாதம் ஸ்லைடு இரண்டு துண்டு. ஆகவே அந்த மூலைகள் சற்றே உருண்டிருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ஸ்லைடு கட்டி அலுமினியத்தில் கடைந்தது என்றால் கனம் குறையும், ஆயுள் கூடும். நான் அதைத்தான் எடுப்பேன்.

காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாமா என்று சிலர் கேட்பார்கள். துத்தநாகத்திலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. ஸ்லைடின்மேல் வைத்துப் பார்த்து நான் அசடு வழிந்திருக்கிறேன். உள்ளே இருக்கும் சுத்தியலுக்கும் அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கிக்கும் மட்டும் அது உதவும். அவை எஃகாக இருக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய இன்னொன்று: குண்டுகளை நிரப்பிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசின் தனியாகக் கிடைக்குமா? வாயுவும் வால்வும் ரப்பர் வளையங்களும் குடியிருப்பது மேகசினில்தான். முதலில் கெடுவதும் அதுதான். மேகசின் கிடைக்காத பிஸ்டல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிப் பொருள்.

கேள்வி: கிரீன் கேஸா, கார்பன் டை ஆக்சைடு குப்பியா? உதைப்பு நன்றாக இருக்கும் என்று எல்லோரும் குப்பியைத்தான் சொல்கிறார்கள்.

பதில்: உதைப்பு இருக்கும், மறுக்கவில்லை. யாரை உதைக்கிறது என்பதையும் யோசியுங்கள். கிரீன் கேஸ் என்பது புரொப்பேன் வாயுவில் கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய் கலந்தது. 20 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அதே வெப்பத்தில் 12 கிராம் குப்பிக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஐம்பது மடங்குக்கும் மேல். வால்வு அதைக் கட்டுப்படுத்தித்தான் விடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் போய் மோதும் அடி பலமானது. நான் மேலே சொன்ன ஸ்லைடு குப்பியில்தான் ஓடியது.

கனமான உலோக ஸ்லைடைத் தள்ள வாயு அதிகம் செலவாகும். திரவமாக இருக்கும் வாயு ஆவியாகும்போது மேகசினின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடகடவென்று பத்து முறை சுட்டால் மேகசின் சில்லிட்டு, அழுத்தம் விழுந்து, ஸ்லைடு சோம்பி நின்றுவிடும். குளிர் நாளில் குப்பி சமாளிக்கும், கிரீன் கேஸ் திணறும். மேகசினை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் போதும். அடுப்பருகே கொண்டுபோனால் நீங்கள் என் வாசகரே இல்லை. புரொப்பேன் தீப்பற்றும்.

எந்த வாயுவுக்கு வடிவமைத்தார்களோ அதையே போடுங்கள். ஜப்பானில் உலோகத்தில் அசல் போன்ற கைத்துப்பாக்கி செய்யச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால் டோக்கியோ மருயி போன்ற நிறுவனங்கள் ஸ்லைடைப் பிளாஸ்டிக்கில் செய்து, அழுத்தம் குறைந்த வாயுவுக்கு ஏற்றபடி அமைக்கின்றன. அதில் கிரீன் கேஸை ஏற்றிவிட்டு உடைந்துவிட்டதே என்று புலம்புவது நியாயமில்லை. பிளாஸ்டிக் என்று இளப்பமாகவும் பார்க்க வேண்டாம். குண்டு எங்கே போய்ச் சேரும் என்பது உள்குழலையும் ஹாப்-அப் ரப்பரையும் பொறுத்தது. அந்த ரப்பர் குண்டின் மேல்பக்கத்தை உரசி அதைப் பின்னோக்கிச் சுழலவிடும். மேஜைப்பந்தில் அடியைச் சீவி அடித்தால் பந்து விழாமல் மிதந்து போகுமே, அதே கதைதான். அந்த ரப்பர் மட்டமாக இருந்தால் ஸ்லைடு தங்கமாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: ஒரு பிஸ்டலில் குண்டின் வேகம் வினாடிக்கு 330 அடி, இன்னொன்றில் 360 அடி என்று போட்டிருக்கிறது. அதிகம் உள்ளதுதானே நல்லது?

பதில்: எந்த எடைக் குண்டில் அளந்தார்கள் என்று பாருங்கள். 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டரில், அதாவது 328 அடியில், போனால் அதன் ஆற்றல் ஒரு ஜூல். ஜூல்தான் ஒப்பிட வேண்டிய கணக்கு. விளையாட்டுத் திடல்களிலும் வரம்பு இருக்கும். ஜப்பானில் 2006 முதல் 0.98 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. பிரிட்டனில் ஒவ்வொன்றாகச் சுடுபவற்றுக்கு 2.5 ஜூல், தொடர்ந்து சுடுபவற்றுக்கு 1.3 ஜூல். பத்து மீட்டரில் தகரக் குவளையைத் தட்ட ஒரு ஜூல் தாராளம். அரை ஜூல் பட்டாலும் கண் போய்விடும். மோதலைத் தாங்கும் தரச்சான்று உள்ள கண்ணாடி போடாமல் மேகசினைத் தொடாதீர்கள்.

கேள்வி: எஃகுக் குண்டு போடும் பிஸ்டலும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. அது 4.5 மில்லிமீட்டர், இது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. எஃகுக் குண்டை மனிதர் பக்கம் திருப்பவே கூடாது. இரண்டும் வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதால் வாங்கும்போது பெட்டியில் அளவைப் படியுங்கள்.

கேள்வி: அசல் அல்ல என்று காட்டக் குழல் முனையில் உள்ள ஆரஞ்சு நிறம் உலோகத்தின் அழகையே கெடுக்கிறது. கறுப்புப் பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: அடிக்காதீர்கள். 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பூங்கா ஒன்றில் ஏர்சாஃப்ட் பிஸ்டலுடன் விளையாடிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் வந்து இறங்கிய சில நொடிகளில் சுட்டார். சிறுவன் இறந்துபோனான். அந்த பிஸ்டலில் ஆரஞ்சு முனை இல்லை. முனை இருந்திருந்தாலும் அந்தச் சில நொடிகளில் யார் கண்ணில் பட்டிருக்குமோ, எனக்குத் தெரியாது. நான் என்னுடையதை மேகசினைத் தனியாகக் கழற்றி, பூட்டிய பெட்டியில் வைத்து, வெளியே துப்பாக்கி என்று தெரியாத பையில்தான் கொண்டுபோகிறேன். வாசலில், மாடியில், வண்டியின் இருக்கையில் எடுத்துக் காட்டுவதில்லை. நண்பர்கள் கேட்டாலும்தான். நீங்கள் இருக்கும் இடத்தில் இதை வைத்திருக்கவே அனுமதி வேண்டுமா என்பதை உலோகமா பிளாஸ்டிக்கா என்று யோசிப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு மாதம் எடுக்காமல் வைத்திருந்தேன். இப்போது வாயு நிரப்பினால் மேகசினின் அடியில் உஸ்ஸென்று கசிகிறது. மாற்ற வேண்டியதுதானா?

பதில்: பொறுங்கள். ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். நிரப்பும் வால்வில் இரண்டு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டு, வாயு ஏற்றி, ஓர் இரவு தலைகீழாக வையுங்கள். பூட்டுக்கும் கீலுக்கும் தெளிக்கும் பெட்ரோலிய எண்ணெய் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊறிப் பொருமிவிடும். இனிமேல் எடுத்து வைக்கும்போது கிரீன் கேஸ் மேகசினில் கொஞ்சம் வாயு விட்டு வையுங்கள், வளையங்கள் இறுகி நிற்கும். குப்பி வகை என்றால் நேர் எதிர்: அன்றைக்கே குப்பியைக் கழற்றிவிட வேண்டும். காலையிலும் கசிந்தால் வளையத்தை மட்டும் மாற்றுங்கள்.