ஆறு மாதம் முடிஞ்சாச்சு, இனி என்ன ஊட்டறது? கேள்வி பதில்

கோபிப் பக்கம் துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குழந்தைக்கு முதன்முதலில் சோறு ஊட்டுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறு மாதிரி ஏதாவது இருக்கிற குழந்தை என்றால் மட்டும் முதலில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து: பாப்பாவுக்கு அஞ்சு மாசம் ஆகுதுங்க. நாங்க சாப்பிடும்போது தட்டையே பார்க்கறா, கை நீட்டறா. ஆசைப்படற குழந்தைக்குக் குடுக்காம இருக்காதேன்னு ஆத்தா சொல்றாங்க. ஆரம்பிக்கலாங்களா?

இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். தாய்ப்பால் மட்டும் 180 நாள், அதற்கப்புறம்தான் மற்றது. நாலு, அஞ்சு மாதத்தில் எந்தக் குழந்தையும் கண்ணில் படுவதையெல்லாம் உற்றுப் பார்க்கும், கையில் கிடைத்ததை வாயில் வைக்கும், அதைப் பசி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தலை ஆடாமல் நிற்கிறதா, இடுப்பில் கை கொடுத்தால் உட்காருகிறதா, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே வாங்குகிறதா, இவைதான் பார்க்க வேண்டியவை. ஆறு மாதம் முடிந்ததும் தள்ளிப்போடவும் கூடாது. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஏறக்குறைய அந்தச் சமயத்தில் தீர்ந்துவிடும், தாய்ப்பாலில் இருக்கிற இரும்பு மட்டும் அதற்குப் பிறகு போதாது.

காங்கேயத்திலிருந்து: முதல்ல என்ன குடுக்கறதுங்கக்கா? ராகியா, அரிசியா, ஆப்பிளா? ஆளுக்கொன்னு சொல்றாங்க.

எதில் ஆரம்பித்தாலும் தப்பில்லை, வீட்டில் தினமும் சமைக்கிற தானியமாக இருந்தால் நல்லது. எனக்குப் பிடித்தது முளைகட்டிய ராகி. ராகியை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து வெள்ளைத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றிரண்டு நாளில் முளை வந்துவிடும். நிழலில் நன்றாக உலர்த்தி, லேசாக வறுத்து, அரைத்துச் சலித்து வையுங்கள். முளைகட்டும்போது மாவுச்சத்து கொஞ்சம் உடைகிறது, அதனால் கூழ் அவ்வளவு இறுகாது, அதே பதத்துக்குக் கூடுதல் மாவு போடலாம், குழந்தை வயிற்றுக்குள் சத்து அதிகமாகப் போகும். இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிற பொருளும் ஓரளவு குறையும். சுண்ணாம்புச்சத்து சொல்லவே வேண்டாம், 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

அடுத்து நம்ம அரிசிம்பருப்பு. வெளியூர்க்காரர்கள் குழந்தைக்குக் கிச்சடி என்று தேடிப்பிடித்துச் செய்வதை நாம் வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்டுக்கே ஆக்குகிறோம். மிளகாயும் உப்பும் போடுவதற்கு முன்னால் குழந்தைக்கு ஒரு கை அரிசியும் அரைக்கை துவரம்பருப்பும் தனியாகக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொடுங்கள். சீரகம், பூண்டு, மஞ்சள் எல்லாம் சேர்க்கலாம். முதல் வாரம் ஒரு நேரத்துக்கு ரெண்டு மூணு ஸ்பூன், ஒரு நாளைக்கு ரெண்டு நேரம். அப்புறம் மெதுவாக ஏற்றி, எட்டு மாதத்துக்குள் 250 மில்லிக் கிண்ணத்தில் பாதி வரை போகலாம். ஒன்பது மாதத்துக்கு மேல் மூணு நாலு நேரம் சாப்பாடு, நடுவில் பழம் மாதிரி ஏதாவது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், ரெண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

பொள்ளாச்சியிலிருந்து: பையனுக்கு ஏழரை மாசம். பருப்புத்தண்ணி, சோறு வடிச்ச கஞ்சி, கேரட் வேகவெச்ச தண்ணி எல்லாம் நேரத்துக்குக் குடுக்கறோம். நல்லாக் குடிக்கறான், ஆனா ரெண்டு மாசமா எடையே ஏறலை.

எனக்கு மிகவும் ஆற்றாமையான விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நீங்கள் கொடுப்பது எல்லாமே தண்ணீர். பருப்பு அடியில் தங்கிவிட்டது, கேரட் சட்டியிலேயே இருந்துவிட்டது, குழந்தைக்குப் போனது அது வெந்த தண்ணீர். எட்டு கிலோக் குழந்தையின் வயிறு ஒரு நேரத்துக்குக் கால் லிட்டர் அளவுகூடப் பிடிக்காது. அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் பாலும் குறைவாகத்தான் குடிப்பான், வயிறு முட்டிய மாதிரி இருக்கும், உடம்பில் ஒட்டாது. ஆறு முதல் எட்டு மாதத்தில் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு 200 கலோரி அளவுக்கு உணவிலிருந்து வர வேண்டும். பருப்புத்தண்ணியால் அந்த அளவை எட்டவே முடியாது.

எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் மெதுவாக நழுவி விழ வேண்டும், ஒழுகி ஓடினால் அது குழந்தைக்குச் சாப்பாடு இல்லை. பருப்பையே கடைந்து கொடுங்கள். பச்சைப்பயிறு கடைசல், தட்டைப்பயிறு வேகவைத்து மசித்தது, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாமே நல்லது. கொள்ளும் கொடுக்கலாம், சூடு என்று பயப்பட வேண்டாம், ஊறவைத்து நன்றாக வேகவைத்துக் கடைந்து கொஞ்சமாக ஆரம்பியுங்கள். ஒவ்வொரு நேரமும் ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காய் எண்ணெயோ செக்குக் கடலை எண்ணெயோ விடுங்கள், அதிலேயே ஏறக்குறைய 45 கலோரி வந்துவிடும். எண்ணெய் விட்டால் சளி பிடிக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ரெண்டு மாதம் எடை ஏறாமல் இருப்பதை வீட்டிலேயே சரிசெய்யலாம் என்று விட்டுவிடக் கூடாது. இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் மாதாமாதம் அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

நாமக்கல்லிலிருந்து: ஊரே முட்டை ஊருங்க, ஆனா ஒரு வயசு வரைக்கும் வெள்ளைக்கரு குடுக்கக்கூடாதுன்னு சொல்றாங்களே? நிலக்கடலையும் அப்படித்தானா?

முன்பு அப்படித்தான் சொன்னோம், இப்போது மாறிவிட்டது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முட்டையை முழுதாக வேகவைத்து, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தே மசித்துக் கொடுக்கலாம். முதல் நாள் கால் ஸ்பூன், காலை நேரத்தில், அப்போதுதான் ஏதாவது ஆனால் பகலிலேயே தெரியும். உடம்பில் தடிப்பு, உதடு வீங்குவது, திரும்பத் திரும்ப வாந்தி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் 108தான், யோசிக்கவே வேண்டாம்.

நிலக்கடலையைத் தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்றுதான் உலகம் முழுக்க நம்பினார்கள். 2015ல் லண்டனில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம் இருந்த 600க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்ததில், முதல் வருடத்திலேயே கடலை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை மிகவும் குறைவாக இருந்தது. அதனால் வறுத்துத் தோல் நீக்கி நைசாகப் பொடித்து, ராகிக்கூழில் அரை ஸ்பூன் கலந்து கொடுக்கலாம். தோலில் கடுமையான கரப்பான் இருக்கிற குழந்தை, முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முழுக் கடலையை ஐந்து வயது வரை கையில் கொடுக்கக் கூடாது.

தாராபுரத்திலிருந்து: பழனியில மொட்டை போட்டுட்டு வர்றோங்க, ஒம்பது மாசம். பஞ்சாமிர்தம் துளி நாக்குல வெக்கலாமா?

வேண்டாம். பஞ்சாமிர்தத்தில் தேன் இருக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே தேன் ஒரு துளிகூடக் கூடாது, சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும் கூடாது. தேனில் ஒரு கிருமியின் விதை இருக்கலாம், பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் பால் உறிஞ்சத் தெம்பில்லாமல், அழுகைச் சத்தம் மெலிந்து, உடம்பே துவண்டு போகும். காய்ச்சினாலும் அந்த விதை சாகாது. குழந்தைக்கு விபூதி பூசிவிடுங்கள், பஞ்சாமிர்தத்தை அப்புச்சியும் அம்மிச்சியும் சாப்பிடட்டும்.

ஈரோட்டிலிருந்து: உப்பு சக்கரை இல்லாம எப்படிங்க வாயில வெக்கும்? கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை நல்லதுதானே?

உப்பில்லை என்பது நமக்குத்தான் தெரியும், குழந்தைக்கு எல்லாமே புது ருசி. ஒரு வயது வரை உப்பும் வேண்டாம், வெள்ளைச் சர்க்கரையும் வேண்டாம், நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும்கூட வேண்டாம், அவையும் சர்க்கரைதான். இனிப்பு வேண்டுமென்றால் வாழைப்பழத்தையோ சப்போட்டாவையோ மசித்துக் கலந்துகொள்ளுங்கள்.

திருப்பூரிலிருந்து: பனியன் கம்பெனிக்குப் போறேன், காலையில போனா ராத்திரிதான் வருவேன். மாமியார்தான் பாத்துக்கறாங்க. டப்பா மாவு சுலபமா இருக்குன்னு வாங்கிட்டோம், போதுங்களா?

டப்பா மாவு விஷம் இல்லை, ஆனால் அதையே மூணு நேரமும் கொடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பலவற்றில் சர்க்கரை சேர்ந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள். ரெண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள், 1992ல் வந்த சட்டம் அது, 2003ல் இன்னும் இறுக்கினார்கள். அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து சத்துமாவு இலவசமாகத் தருகிறார்கள், பெயர் பதிந்து வாங்குங்கள். அதில் வெல்லம் சேர்ந்தே வருவதால் மேலே இனிப்பு போட வேண்டாம்.

காலையில் கிளம்பும் முன் பால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். வெளியில் நாலு மணி நேரம், பிரிட்ஜில் நாலு நாள் வரை தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்குப் பிரிட்ஜிலேயே வைத்துவிடுங்கள். கடைந்த சோற்றை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, குழந்தை எச்சில் பட்ட மிச்சத்தை எடுத்து வைக்கவும் கூடாது. பாட்டிலில் கூழைக் கரைத்து ஊற்ற வேண்டாம், கிண்ணமும் ஸ்பூனும் போதும். சோப்புப் போட்டுக் கை கழுவுவதை மாமியாரிடம் ஒரு தடவை அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: ரெண்டாவது ஸ்பூன்லயே ஓங்கரிச்சு முகம் செவந்துருச்சு. அதுல இருந்து பயமா இருக்கு. அம்மா மடியில மல்லாக்கப் போட்டு, மூக்கைப் புடிச்சு ஊத்தினா முழுங்கிரும்ங்கறாங்க.

மூக்கைப் பிடித்து ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். மூச்சு முட்டி வாயைத் திறக்கும்போது உணவு மூச்சுக்குழலுக்குள் போகும், நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, வாயைத் திறந்தால் கொடுங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள்.

ஓங்கரிப்பது வேறு, அடைத்துக்கொள்வது வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும், நீங்கள் சும்மா இருந்தாலே போதும். அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, இரும முடியாது, உதடு நீலமாகும். அப்போது குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சு எலும்பில் முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் ஐந்து அழுத்து. வெளியே வரும் வரை மாற்றி மாற்றி. பக்கத்தில் ஒருவர் 108க்குப் பேசட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். குழந்தை துவண்டுவிட்டால் 108ல் சொல்கிறபடி அப்படியே செய்யுங்கள். முழு திராட்சை, பொரிகடலை, தேங்காய்ச்சில்லு, முறுக்கு, பச்சைக் கேரட் இதெல்லாம் கிட்டவே வேண்டாம்.

கரூரிலிருந்து: ராகி ஆரம்பிச்சதும் ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் போகுது, கெட்டியாவும் இருக்கு.

பழக்கம் மாறும்போது அப்படி ஆகும். காய்ச்சி ஆறிய தண்ணீர் சாப்பாட்டோடு ரெண்டு மூணு வாய், பப்பாளியோ கொய்யா மசித்ததோ தினமும். ரத்தம் வந்தாலோ வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து: நாங்க கறி சாப்பிடறவங்க, எப்ப குடுக்கலாம்? எங்க ஓரகத்தி வீட்ல சைவம், அவங்க குழந்தைக்கு ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க.

கறியும் ஆறு மாதத்துக்கு மேல் தரலாம். சூப்பை மட்டும் கொடுத்துவிட்டுக் கறியை நாம் தின்றால் பொள்ளாச்சிப் பருப்புத்தண்ணி கதைதான், இரும்பு கறியில்தான் இருக்கிறது. ஆட்டு ஈரலோ நாட்டுக்கோழியோ நன்றாக வேகவைத்து அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்துச் சோற்றில் பிசையுங்கள். ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சமாகப் போதும்.

சைவம் என்றால் பயறு, கீரையோடு தக்காளியோ எலுமிச்சைச் சாறோ சேருங்கள், அப்போதுதான் இரும்பு உடம்பில் சேரும். ஆனால் ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்ட பிறகு சாப்பாட்டை மட்டும் நம்ப வேண்டாம், மருத்துவர் எழுதிய மருந்தை எழுதிய அளவில் கொடுக்கச் சொல்லுங்கள். மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் ஆறு மாதத்திலிருந்து அரசு இரும்புச்சத்து டானிக் தருகிறது, 1 மில்லி, வாரத்துக்கு இரண்டு தடவை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். காபி, டீயில் பிஸ்கட்டைத் தொட்டு வாயில் வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அது இரும்பைச் சேரவிடாது, தயவு செய்து விட்டுவிடுங்கள். பசும்பாலையும் ஒரு வயது வரை குடிக்கக் கொடுக்காதீர்கள்.

அவிநாசியிலிருந்து: அத்தை தினமும் உரைமருந்து உரைச்சு ஊத்தறாங்க. வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவாங்க.

வசம்பும் ஜாதிக்காயும் எத்தனை உரைசலில் எவ்வளவு இறங்குகிறது என்று யாராலும் அளக்க முடியாது, உரைகல் சுத்தமில்லையென்றால் வயிற்றுப்போக்கு வேறு. நிறுத்துவதுதான் சரி. அத்தையிடம் பருப்பு கடைவதையும் ராகி முளைகட்டுவதையும் ஒப்படைத்துவிடுங்கள், உங்களைவிட நன்றாகச் செய்வார்கள், பேரப்பிள்ளை தங்கள் கையால் சாப்பிடுகிறான் என்ற சந்தோஷமும் இருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து: பத்து நாளா கீரை வெச்சாலே துப்பறா. விட்டுடலாமா?

விட வேண்டாம். ஒரு ருசி பழக எட்டுப் பத்துத் தடவைகூட ஆகலாம். ரெண்டு நாள் இடைவெளி விட்டு, அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றோடு ஒரு ஸ்பூன் மட்டும் வைத்துப் பாருங்கள், துப்பினால் திட்டாமல் எடுத்துவிடுங்கள். வேகவைத்த கேரட்டையோ பீன்ஸையோ விரல் நீளத்துக்கு நறுக்கிக் கையிலும் கொடுக்கலாம், நன்றாக உட்காருகிற குழந்தை தானே பிசைந்து தின்னப் பழகும். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது வைட்டமின் ஏ சொட்டு ஊற்றுவார்கள், அதையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.