மகள் கையில் அந்த நாவல்

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்த இளையர் நாவலில் பாலியல் வன்கொடுமை வருகிறது. படிக்க விடலாமா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: விடலாம். முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். சம்பவம் நடக்கும் பக்கத்தைவிட அதற்குப் பின் வரும் பக்கங்களைக் கவனியுங்கள். லோரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நாவலில் நடந்தது என்னவென்று பாதியைத் தாண்டிய பிறகே முழுதாகத் தெரிகிறது. அதுவரை அந்தப் பெண்ணின் மௌனமும் கடித்துப் புண்ணாக்கிய உதடும் சரியும் மதிப்பெண்ணும்தான். நல்ல கையாளல் அது.

சொதப்பும் நாவல்கள் இன்னொரு வகை. இருட்டுச் சந்தில் பாய்பவன் எப்போதும் முகம் தெரியாதவன். நிஜத்தில் பெரும்பாலும் தெரிந்தவனே. அவள் கத்தவில்லை என்பதையே மர்மமாக்குவார்கள். பயத்தில் உடம்பு விறைத்துப்போவது இயல்பு, சம்மதம் அல்ல. கடைசியில் புதுக் காதலன் வந்து எல்லாவற்றையும் குணமாக்கிவிடுவான். (அண்ணன் போய் அடித்துவிட்டு வந்தால் கதை முடிந்தது என்பது நம் சினிமாப் பழக்கம்.)

குளித்துவிட்டாள், இனி வழக்கே இல்லை என்று ஒரு கதை சொன்னால் அங்கே நிறுத்தித் திருத்துங்கள். முதல் 72 மணி நேரத்துக்குள், குளிக்காமல் மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் தடயம் கிடைக்க வாய்ப்பு அதிகம். உடைகளைக் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். ஆனால் சிங்கப்பூரில் புகார் கொடுக்கக் காலக்கெடு கிடையாது. பெண்கள் உரிமை அமைப்பான அவேர், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்காக நடத்தும் உதவி நிலையத்தை அணுகுவதற்கும் போலீஸ் புகார் தேவையில்லை.

மகளிடம் "உனக்கு ஏதாவது நடந்ததாம்மா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அந்தப் பொண்ணு முதல்ல யார்கிட்ட சொல்லியிருக்கலாம்?" என்று கேளுங்கள்.