அம்மா மேல் பழி வேண்டாம்

வணக்கம் ஐயா,

என் தம்பிக்கு 19 வயது. நாலைந்து மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது என்கிறான். பிரமையாகத்தான் இருக்கும் என்றும் அவனே சொல்கிறான். மனநல மருத்துவர், இது இன்னும் மனச்சிதைவு இல்லை, ஆனால் வர வாய்ப்புள்ள நிலை என்றார். அப்பா தினமும் திட்டுகிறார். அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்கிறார்கள் உறவினர்கள். எங்கள் வீடுதான் காரணமா?

வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரி,

இல்லை. இதை முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

இந்தப் பழியை உறவினர்கள் மட்டும் போடவில்லை. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மான் என்ற மனநல மருத்துவரே, பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று எழுதினார். எத்தனையோ தாய்மார்கள் அதைச் சுமந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அந்தக் கருத்து நிற்கவில்லை.

ஆனால் வீட்டில் பேசும் பேச்சுக்குப் பலன் உண்டு. ஜார்ஜ் பிரவுனும் உடன் உழைத்தவர்களும் லண்டனில் செய்து 1972இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையிலிருந்து குறைசொல்லும் பேச்சு மிகுந்த வீடுகளுக்குத் திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளுக்கே நோய் அதிகமாகத் திரும்ப வந்தது. இதை அப்பாவிடம் குற்றச்சாட்டாகச் சொல்லிவிடாதீர்கள். மகன் சோம்பேறியாகிவிட்டான் என்ற பயத்தில் அவர் திட்டுகிறார். ஒதுங்குவதும் படிப்பில் பிடிப்பு போவதும் இந்த நிலையின் அறிகுறிகள் என்று மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும். அடுத்த முறை அவரையும் கூட்டிப்போங்கள்.

சரி, அம்மாவின் செல்லம்? உங்கள் தம்பியைப் போன்ற நிலையில் இருந்த 26 இளையோரை லாஸ் ஏஞ்சலிஸில் கவனித்து 2006இல் ஓர் ஆய்வு வந்தது. பெற்றோர் பாசமாகவும் பாராட்டியும் பேசிய பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் அறிகுறிகள் குறைந்தன, மற்றவர்களோடு பழகுவதும் மேம்பட்டது. கொஞ்சம் கூடுதலாகவே பொத்திப் பார்த்துக்கொண்ட வீடுகளிலும் அப்படித்தான். சிறிய ஆய்வுதான். ஆனாலும் உங்கள் அம்மா அதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

குரல் கேட்கிறது என்று அவன் சொன்னால், அப்படியெல்லாம் இல்லை என்று வாதாட வேண்டாம். "அப்போ ரொம்பப் பயமா இருந்துச்சாடா?" என்று கேளுங்கள். அது பிரமையோ என்று அவனே யோசிக்கிறான், அது நல்ல அறிகுறி. தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சா பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இந்த நிலையில் இருப்பவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் முழு நோய்க்குப் போகிறவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். பெரும்பாலோர் போவதில்லை.

சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உங்களுக்காகவும் அதில் கூப்பிடுங்கள். இத்தனை மாதமாக மூன்று பேருக்கும் நடுவில் நிற்பது நீங்கள்தான்.