ஒரே பெண் என்று சொல்லிவிட்டாயே

கேள்வி: எனக்கு வயது 25. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். அந்த ஆளால் இரண்டு வருடம் நான் பட்டதை எழுத எனக்குக் கை வரவில்லை. அப்போது எனக்கு 14 வயது. ஒன்றாம் வகுப்பு படித்த என் தம்பி அவன் டீச்சரிடம், 'அக்கா ராத்திரி தூங்காம வாசப்படியிலயே உக்காந்திருக்கு' என்று ஏதோ சொல்லப்போக, எல்லாம் வெளியே வந்தது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் போனது. குழந்தைகள் நலக் குழு எங்கள் இருவரையும் மீட்டு வெவ்வேறு இல்லங்களில் சேர்த்தது. இரண்டு வருடம் கழித்து, ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரும் அவர் கணவரும் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தில் என்னை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். 18 முடிந்த பிறகும் என்னை வெளியே அனுப்பவில்லை. படிக்க வைத்தார்கள். இப்போது மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள். தை மாதம் நிச்சயம். பெற்றோர் விபத்தில் போய்விட்டார்கள், நான் ஒரே பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறோம். அம்மா கோர்ட்டில் பிறழ் சாட்சியானதால் அந்த ஆள் விடுதலையாகிவிட்டான். தம்பி இன்னும் பையன்கள் இல்லத்தில்தான் இருக்கிறான். வரும் கார்த்திகையில் அவனுக்கு 18 முடிகிறது. அம்மா வந்து அழைத்துப் போய், அந்த ஆள் வேலை பார்க்கும் லாரிப் பட்டறையிலேயே சேர்த்துவிடுவாள் என்று கேள்விப்பட்டேன். அவனைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. பார்த்தால் பழையதெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. எனக்கு நடந்ததை மாப்பிள்ளையிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்ல வேண்டுமா? அம்மாவுக்குப் பத்திரிகை வைக்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம், கோவை மாவட்டம்)

பதில்:

மகளே, நீ கேட்ட இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குப் பத்திரிகை வேண்டாம். சாட்சிக் கூண்டில் ஏறி, பெற்ற பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு இறங்கியவளுக்கு உன் மணமேடையில் வேலை இல்லை. பெற்றுவிட்டாள் என்ற ஒரே காரணத்துக்காக மகளுக்குக் கடமை வந்துவிடாது. உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் டீச்சரம்மாவும் அவர் கணவரும்தான். பத்திரிகையிலும் அவர்கள் பெயரே போகட்டும்.

உனக்கு நடந்ததை மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, வீட்டு விலாசம் எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுத்து வைத்திருக்கிறது. அப்படிச் சட்டம் பொத்திக் காக்கிற ஒன்றை, நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் குற்றவாளி வாக்குமூலம் கொடுப்பது போல நீ ஒப்பிக்க வேண்டியதில்லை. அவர் மேல் நம்பிக்கை வந்து, உனக்கே வாய் வரும்போது சொல். பத்து வருடம் கழித்துத்தான் வருகிறது என்றாலும் அது துரோகம் ஆகாது.

இந்தக் கேள்வியோடு கடிதம் வருவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. பதிலை இங்கேயே முடித்திருப்பேன். நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை விடவில்லை. 'ஒரே பெண்' என்று சொல்லியிருக்கிறோம் என்றாயே, அந்த வரி.

உனக்கு நடந்ததை நீ மறைக்கலாம், அது உன்னுடையது. தம்பியை எந்தக் கணக்கில் மறைத்தாய்? அவன் உன் கடந்தகாலம் இல்லை. பதினேழு வயதுப் பையன். இன்றைக்கும் காலையில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று இட்லி வாங்கித் தின்றிருப்பான். செத்துப்போனவர்கள் என்று நீ சொன்ன கணக்கில் அவனுக்குச் சாவு கூட இல்லை. பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டாய்.

உன் கடிதத்தை இன்னொரு முறை நீயே படித்துப் பார். உன்னை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது யார்? நலக் குழுவும் போலீசும் பிறகுதான் வந்தார்கள். அம்மா பேசவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு வருடம் ஓடியிருக்காது, அவர்களும் பேசவில்லை. பேசியது ஆறு வயதுப் பையன். ராத்திரியில் கண் விழித்துப் பார்த்திருக்கிறான், அக்கா வாசப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று அவனுக்குப் புரிந்திருக்காது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் புரிந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய், தனக்குத் தெரிந்த ஒரே பெரிய மனுஷியான டீச்சரிடம் சொன்னான். 'ஏதோ சொல்லப்போக' என்று நீ எழுதுகிறாய். ஏதோ இல்லை மகளே. அந்த வீட்டுக்குள் வாயைத் திறந்த ஒரே ஆண்பிள்ளை அவன்தான்.

அதற்கு அவனுக்குக் கிடைத்தது என்ன? அம்மா போனாள், வீடு போனது, நீயும் போனாய். பெண்களுக்கு ஓர் இல்லம், பையன்களுக்கு ஓர் இல்லம் என்று பிரித்து அனுப்பிவிட்டார்கள். உனக்காவது பிறகு ஒரு வீடு கிடைத்தது. அவனுக்கு அதுவும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை இதை எப்படிக் கணக்குப் போடும்? நான் பேசினேன், எல்லோரும் போய்விட்டார்கள் என்றுதான் போடும். அப்படி இல்லையடா, நீ பேசியதால்தான் அக்கா பிழைத்தேன் என்று இந்தப் பதினோரு வருடத்தில் யாராவது அவனிடம் சொன்னார்களா? சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் மூன்று வருடமாகப் போகவில்லை.

பையன்கள் இல்லத்துக்கு நீ பார்வையாளர் நாளில் போயிருப்பாய். வந்த ஆளோடு உட்கார்ந்து பேசும் பையன்களைப் பார்த்திருப்பாய். வர ஆளில்லாத பையன்களும் அன்றைக்குக் காலையிலேயே குளித்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் எழுந்து போவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அவனைப் பார்த்தால் பழையது திரும்புகிறது என்கிறாய். நம்புகிறேன். உடம்பு மறக்காது. அதற்கு வைத்தியம் உண்டு, கூச்சப்படாமல் அதைத் தேடு. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-க்குப் போன் செய்தால் டெலி மானஸ் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அவனைப் பார்க்காமல் இருப்பது வைத்தியம் ஆகாது. உன் பயத்துக்கு அவனைப் பலி கொடுக்கிற வேலை அது.

இப்போது கார்த்திகைக்கு வருகிறேன். எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குவது அதுதான்.

அம்மா வந்து 'அழைத்துப் போய்விடுவாள்' என்று எழுதியிருக்கிறாய். 18 முடிந்தவனை யாரும் அழைத்துப் போக முடியாது. அவன் மேஜர். அவனாகப் போனால்தான் உண்டு. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு செட் துணி, மதிப்பெண் பட்டியலோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கு வேறு போக்கிடம் இல்லையென்றால், போவான். யாரிடமிருந்து உன்னைக் காப்பாற்றினானோ அந்த ஆளுக்குக் கீழே போய் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பான். தன்னைக் கோர்ட் வரைக்கும் இழுத்தது இந்தப் பையன் வாய்தான் என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு, 'என்று கேள்விப்பட்டேன்' என்று ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரியில் மாப்பிள்ளை பற்றிக் கேட்கிறாயே, எப்படி மனசு வந்தது?

உன்னால் அவனை வைத்துக் காப்பாற்ற முடியாது என்று பயப்படுகிறாய் போலிருக்கிறது. உன் சம்பளத்தில் அவனை வளர்க்கச் சொல்லவில்லை. இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியே வரும் பிள்ளைகளைத் தெருவில் விடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பின்காப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 21 வயது வரை உதவி செய்யலாம், தேவையென்றால் இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 ரூபாய் வரை உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே போய், 'என் தம்பிக்கு 18 முடியப்போகிறது, பின்காப்புக்கு அவன் பெயரைச் சேர்த்தாயிற்றா?' என்று கேள். தானாக நடக்கும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் நடக்காது. அரசாங்கக் காரியத்தில் கேட்க ஓர் ஆள் இருக்கிற பிள்ளையின் ஃபைல்தான் முதலில் நகரும்.

பிளஸ் டூ நடுவிலேயே 18 முடிகிறது என்றால், பரீட்சை வரை அவன் எங்கே தங்குவது என்பதையும் இப்போதே குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டு வாங்கு. அம்மா வீட்டுக்கு ஏன் அனுப்பக் கூடாது என்பதை எழுத்தில் கொடு. உன் வழக்கு அவர்கள் ஃபைலிலேயே இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், மேலே கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆதாரில் இருப்பது இல்லத்து விலாசமா, சாதிச் சான்றிதழ் அவன் கையில் இருக்கிறதா, பேங்க் பாஸ்புக் அவன் பெயரில் இருக்கிறதா, எல்லாவற்றையும் பார். கேட்டைத் தாண்டிய பிறகு இதில் ஒவ்வொன்றுக்கும் அவன் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டிவரும்.

டீச்சரம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய மனுஷி. ஊரார் பிள்ளையை, அதுவும் பதினாறு வயதுப் பெண்ணை வீட்டுக்குள் கூட்டிவந்து, சட்டம் விட்ட பிறகும் விடாமல் வைத்துக்கொள்வது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் 'ஒரே பெண்' என்ற பேச்சு அவர்கள் வாயிலிருந்து வந்திருந்தால் அது தப்பு. உன் நல்லதுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். கூடப் பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ஐ.நா. சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்? அப்பா இல்லாத வீட்டில் தம்பிதானே பெண்ணுக்குப் பிறந்த வீடு. நாளைக்கு உன் பிள்ளைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைப்பாய்? தாய்மாமன் இல்லை என்று ஊருக்குச் சொல்வாய். பிள்ளைக்கும் அதையேவா சொல்வாய்? டீச்சரம்மாவிடம் உட்கார்ந்து பேசு. 'தம்பியை மறைத்துக் கல்யாணம் வேண்டாம்' என்று சொல். உன்னை வளர்த்தவர்களுக்கு இது புரியும்.

மாப்பிள்ளையிடமும் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடு. நீண்ட கதை வேண்டாம். 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அம்மாவும் உயிரோடு இருக்கிறார், ஆனால் அந்த வீட்டில் எங்களுக்குப் பாதுகாப்பு இல்லாததால் குழந்தைகள் நலக் குழு எங்களை எடுத்து வளர்த்தது. தம்பி இல்லத்தில் படிக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகும் நான் அவனைப் பார்த்துக்கொள்வேன். முன்பு மாற்றிச் சொன்னது தப்பு.' இவ்வளவு போதும். அதற்கு மேல் அவர் கிண்டிக் கேட்டால், 'இப்போது சொல்ல முடியவில்லை' என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. தம்பி இருக்கிறான் என்று கேட்டதற்கே பின்வாங்குகிற வீடு என்றால், போகட்டும். அச்சடித்த பத்திரிகையோடு அழுவதைவிட, அச்சடிக்கும் முன்பே அழுதுவிடலாம். எனக்கென்னவோ, மாப்பிள்ளை நல்லவராக இருப்பார் என்று நம்பத் தோன்றுகிறது. நல்லவர் என்றால் மைத்துனனைப் பார்க்க ஒரு நாள் உன்னோடு வருவார்.

முதல் தடவை நீ மட்டும் போ. இல்லத்துக் கண்காணிப்பாளருக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து, எந்தக் கிழமை பார்க்க விடுவார்கள் என்று கேட்டுக்கொள். தம்பியிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல், திடீரென்று போய் அவன் முன்னால் நிற்காதே. அவன் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்காரலாம். மூன்று வருடமாக எங்கே போனாய் என்று கத்தலாம், பார்க்க மாட்டேன் என்றே சொல்லி அனுப்பலாம். சொல்லட்டும், அடுத்த வாரமும் போ. ஒன்றாம் வகுப்பில் அவன் டீச்சரிடம் சொன்னானே, அதைப் பற்றி நீயே பேச்செடு. அவன் கேட்கட்டும் என்று காத்திருக்காதே. உன் ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துப் போ, பார்வையாளர் பதிவேட்டில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அக்கா என்று எழுது.